பால் பல் தானே என்று விட்டுவிடலாமா?

"விழுந்து முளைக்கப் போகிற பல் தானே, அதுக்கு எதுக்கு இவ்வளவு கவலை?"

தமிழ்நாட்டு வீடுகளில் குழந்தையின் பல்லில் கறுப்புப் புள்ளியைப் பார்த்தவுடன் முதலில் வரும் பதில் இதுதான். தாத்தா சொல்வார், பாட்டி சொல்வார், பக்கத்து வீட்டு அக்காவும் சொல்வார். சொல்பவர்கள் யாரும் குழந்தைக்குக் கெட்டது நினைப்பவர்கள் இல்லை. ஆனாலும் குழந்தைகளின் பற்களை அதிகமாகக் கெடுப்பது இந்த ஒரு வாக்கியம் தான்.

உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகம் முழுவதும் 51 கோடிக்கும் அதிகமான குழந்தைகளுக்குப் பால் பற்களில் சொத்தை இருக்கிறது. இத்தனைக்கும் பெருமளவு தடுக்கக் கூடிய நோய் இது. தடுக்கத் தேவையான பொருட்களில் பாதிக்கு மேல் சமையலறையிலேயே இருக்கின்றன.

பால் பல் எத்தனை நாள் வேலை செய்கிறது?

குழந்தைக்கு ஏறக்குறைய 6 மாதத்தில் கீழ்த் தாடையின் முன்பற்கள் முதலில் எட்டிப் பார்க்கும். இரண்டரை வயதிலிருந்து மூன்று வயதுக்குள் 20 பால் பற்களும் முளைத்துவிடும். முன்பற்கள் 6, 7 வயதில் விழத் தொடங்கும். ஆனால் பின்னால் இருக்கும் பால் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை விழாது.

அதாவது 2 வயதில் வந்த கடைவாய்ப் பல் சுமார் 9 வருடம் உழைக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை குழந்தை சாப்பிடும் அத்தனை சோற்றையும் அந்தப் பல் தான் மெல்ல வேண்டும். "விழப் போகிற பல்" என்று சொல்வது எளிது. அது விழும் வரை குழந்தை எதை வைத்து மெல்லும்?

பால் பல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அடியில் வளரும் நிரந்தரப் பல்லுக்கு அது இடம் பிடித்து வைக்கிறது. சொத்தையால் அதை முன்கூட்டியே பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்துவிடும். பிறகு வரும் நிரந்தரப் பல் இடமில்லாமல் கோணலாக முளைக்கும். பால் பல்லின் வேர் வரை சீழ் பிடித்தால் அடியில் உருவாகிக் கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் எனாமலும் பாதிக்கப்படலாம்.

பெற்றோர் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. 6 வயது வாக்கில், எந்தப் பல்லும் விழாமலேயே, பால் பற்களுக்குப் பின்னால் புதிதாக ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். அதையும் பால் பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது போனால் மறுபடி முளைக்காது.

சொத்தை எப்படி உண்டாகிறது?

பல்லில் புழு இருப்பதால் சொத்தை வருகிறது என்று இன்றும் நம்புபவர்கள் உண்டு. புழு எதுவும் இல்லை. வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியேற்றுகின்றன. அந்த அமிலம் எனாமலில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. பால் பல்லின் எனாமல் பெரியவர்களின் எனாமலை விட மெல்லியது. அதனால் சொத்தை வேகமாக உள்ளே போய்விடும்.

இதைத் தடுக்க இயற்கை வாயிலேயே ஒரு மருந்தை வைத்திருக்கிறது. அது எச்சில். சாப்பிட்ட பிறகு சுமார் அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் எச்சில் அமிலத்தைச் சமன் செய்து, கரைந்த தாதுக்களில் கொஞ்சத்தைப் பல்லுக்கே திருப்பிக் கொடுக்கிறது. ஆனால் அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். பத்து மணிக்கு ஒரு பிஸ்கட், பதினொன்றுக்கு ஒரு மிட்டாய், பன்னிரண்டுக்கு ஜூஸ் என்று வாய் ஓயாமல் இருந்தால் எச்சில் என்ன செய்யும்?

எனவே எவ்வளவு இனிப்பு என்பதை விட எத்தனை முறை இனிப்பு என்பது முக்கியம். ஸ்வீடன் நாட்டின் லுண்ட் நகரில் விபெஹோல்ம் என்ற மருத்துவமனையில் 1945 முதல் 1953 வரை நடந்த ஆய்வு இதைக் காட்டியது. உணவோடு சேர்த்துச் சர்க்கரை சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை அவ்வளவாகக் கூடவில்லை. உணவுகளுக்கு இடையில் ஒட்டும் டாஃபி சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை வெகுவாகக் கூடியது. அங்கே தங்கியிருந்தவர்கள் மனவளர்ச்சி குன்றியவர்கள். அவர்கள் சம்மதம் இல்லாமல், வேண்டுமென்றே பல்லைக் கெடுத்து நடந்த ஆய்வு என்பதால் அது பிற்காலத்தில் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. அவர்கள் பல்லைக் கொடுத்துக் கிடைத்த பாடத்தையாவது உலகம் மறக்காமல் இருக்க வேண்டும்.

"நான் நாலு பிள்ளை வளர்த்தவ"

ஒரு வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். அம்மா வேலைக்குப் போகிறார். குழந்தையைப் பகலில் பாட்டி பார்த்துக் கொள்கிறார். இரவில் குழந்தை பால் புட்டியை வாயில் வைத்துக் கொண்டே தூங்குகிறது. மூன்று வயதில் மேல் முன்பற்கள் நான்கும் பழுப்பு நிறமாகி ஓரம் உதிர்கின்றன.

"அத்தை, பால் குடிச்சதும் பாட்டிலை எடுத்துடுங்க, கொஞ்சம் தண்ணி கொடுங்க" என்கிறார் மருமகள்.

"நான் நாலு பிள்ளை வளர்த்தவ. வேப்பங்குச்சியும் சாம்பலும் தான். ஒருத்தருக்கும் பல்லு போகலையே" என்கிறார் மாமியார்.

இதில் யார் சொல்வது சரி? இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது என்பது தான் சிக்கல். பாட்டி வளர்த்த காலத்தில் இனிப்பு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்தது. ரேஷன் சர்க்கரை காபிக்கே போதாது. பெட்டிக் கடையில் தினமும் மிட்டாய் வாங்கித் தர யாரிடமும் காசு இல்லை. பிள்ளைகள் தின்றது வேர்க்கடலை, பனங்கிழங்கு, கரும்பு, கொய்யா. ஆகவே அந்தப் பிள்ளைகளின் பல்லைக் காத்ததில் வேப்பங்குச்சிக்குப் பங்கு உண்டு என்றாலும் பெரிய பங்கு இல்லாத மிட்டாய்க்குத் தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சர்க்கரை கிடைக்காமல் போன ஜப்பானிலும் நார்வேயிலும் குழந்தைகளின் சொத்தை குறைந்தது. போர் முடிந்து சர்க்கரை வந்ததும் சொத்தையும் திரும்பி வந்தது.

பாட்டியின் வளர்ப்பு முறை தவறில்லை. குழந்தையைச் சுற்றியிருக்கும் உணவு மாறிவிட்டது. பழைய குச்சியை மட்டும் எடுத்துக் கொண்டு பழைய சாப்பாட்டை விட்டுவிட்டால் பலன் கிடைக்காது.

இரவுப் பால் விஷயத்தில் மருமகள் சொல்வதே சரி. தூங்கும்போது எச்சில் சுரப்பது மிகவும் குறைந்துவிடும். வாயில் தேங்கிய பால், அதிலும் சர்க்கரை கலந்த பால், விடிய விடிய முன்பற்களை அரிக்கும். புட்டியை இரவில் தவிர்க்க முடியாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கலந்து, கடைசியில் வெறும் தண்ணீராக மாற்றிவிடலாம். ஒரு வயது முடிந்தவுடன் டம்ளரில் குடிக்கப் பழக்குவது நல்லது.

பல் முளைக்கும் காலத்தில்

பல் முளைக்கும்போது குழந்தை எச்சில் ஒழுகும், எரிச்சலாகும், கிடைத்ததை எல்லாம் கடிக்கும். சுத்தமான ஈரத் துணியைக் குளிர வைத்துக் கடிக்கக் கொடுக்கலாம். கையை நன்றாகக் கழுவிவிட்டு விரலால் ஈறை மெதுவாகத் தேய்த்துவிடலாம். இவை போதும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. "பல் முளைக்குது, அதான் பேதி போகுது" என்பார்கள். பல் முளைப்பதால் வயிற்றுப்போக்கு வருவதில்லை. அழுக்குப் பொருட்களை வாயில் வைப்பதால் கிருமி உள்ளே போய் வருகிறது. அதிகக் காய்ச்சலும் அப்படித்தான். பல்லின் மேல் பழியைப் போட்டுக் காத்திருந்தால் குழந்தையின் உடலில் நீர் வற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். உப்பு சர்க்கரைக் கரைசலை உடனே தொடங்கி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

"இயற்கையானது" என்று லேபிள் ஒட்டியதாலேயே எதையும் ஈறில் தடவக் கூடாது. பல் முளைக்கக் கொடுக்கப்பட்ட சில ஹோமியோபதி மாத்திரைகளில் பெல்லடோனா என்ற நச்சுப் பொருள் அளவு மாறி இருந்ததை அமெரிக்க உணவு மருந்துத் துறை 2017-ல் வெளிப்படுத்தியது. மரத்துப் போகச் செய்யும் பென்சோகெய்ன் ஜெல்லை 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்றும் 2018-ல் அதே துறை எச்சரித்தது. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேனும் தரக் கூடாது. பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம்.

ஆலும் வேலும்

ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்பது தமிழர்கள் அனைவரும் அறிந்த பழமொழி. ஆலம் விழுதிலும் கருவேலம் பட்டையிலும் துவர்ப்புச் சத்து இருக்கிறது. அது ஈறை இறுகச் செய்யும். வேப்பங்குச்சியின் சாறுக்குக் கிருமிகளைக் கட்டுப்படுத்தும் தன்மை உண்டு. குச்சியை மெல்லும்போது எச்சில் நன்றாக ஊறுவதே ஒரு நன்மை. அரபு நாடுகளிலும் ஆப்பிரிக்காவிலும் மிஸ்வாக் குச்சி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. குச்சியால் பல் துலக்குவது பட்டிக்காட்டுத்தனம் என்று யாரும் வெட்கப்படத் தேவையில்லை.

ஆனால் இவை பெரியவர்களுக்கான பழக்கம். சின்னக் குழந்தைக்குக் குச்சியை மென்று தூரிகையாக்கத் தெரியாது. குச்சியை வாயில் வைத்துக் கொண்டு ஓடி விழுந்தால் அண்ணத்தில் குத்திவிடும். 7, 8 வயதுக்கு மேல், பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது, இளம் குச்சியாகப் பார்த்துக் கொடுக்கலாம். அதுவும் பிரஷுக்குத் துணையாகத் தான். கடைவாய்ப் பல்லின் குழிகளுக்குள்ளும் உட்பக்கத்திலும் குச்சி சரியாகப் போகாது.

வேப்பெண்ணெய் வேறு விஷயம். அதைக் குழந்தைக்குப் புகட்டவே கூடாது. மலேசியாவில் வேப்பெண்ணெய் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு வலிப்பும் மூளைப் பாதிப்பும் வந்தது 1980-களிலேயே மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

மற்ற வீட்டு வைத்தியங்கள்

உப்புத் தண்ணீர்: ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு. ஈறு வீக்கத்துக்கும் வாய்ப்புண்ணுக்கும் இதமாக இருக்கும். கொப்பளித்துத் துப்பத் தெரிந்த குழந்தைக்கு மட்டும். சொத்தையை இது குணப்படுத்தாது.

கரி, சாம்பல், செங்கல் தூள்: வேண்டவே வேண்டாம். பல் வெள்ளையாவது போலத் தெரியும். உண்மையில் எனாமல் தேய்கிறது. தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. சொரசொரப்பான பல்பொடிகளுக்கும் இதே விதி.

புகையிலைத் தூள்: பல்வலிக்குப் புகையிலை வைத்துத் தேய்க்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. பற்பசையிலும் பல்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை இந்தியா 1992-ல் தடை செய்தது. பல்லில் தொடங்கும் பழக்கம் பிறகு விடாது.

கிராம்பு: இதில் உள்ள யூஜினால் வலியை மரத்துப் போகச் செய்யும். பல் மருத்துவர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் கிராம்பு எண்ணெய் மிகவும் காரமானது. ஈறைப் புண்ணாக்கும். சின்னக் குழந்தை விழுங்கிவிட்டால் கல்லீரலைக் கெடுக்கும். பாட்டில் குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது.

எண்ணெய் கொப்பளிப்பது: நல்லெண்ணெயைக் கொப்பளிப்பது பெரியவர்களுக்குச் சரி. சின்னக் குழந்தை அதை விழுங்கும், அல்லது புரையேறும். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் ஒருவித நிமோனியா வரும்.

சமையலறையில் இருக்கும் காவல்

கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அதில் சிறு பங்கு கூட இல்லை. பால், தயிர், மோர், எள், முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி மீன் எல்லாம் பல்லுக்கும் எலும்புக்கும் நல்லவை. நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் வைட்டமின் சி நிறைய உண்டு. அது குறைந்தால் ஈறு வீங்கி இரத்தம் கசியும். கேரட், வெள்ளரிக்காய், கொய்யா போன்றவற்றைக் கடித்து மெல்லும்போது எச்சில் ஊறும். பல் முளைத்த குழந்தைக்கு எல்லாவற்றையும் மிக்ஸியில் அரைத்துக் கொடுக்காமல் மெல்லப் பழக்க வேண்டும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். வெள்ளைச் சர்க்கரை தான் கெடுதல், நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் தேனும் கெடுதல் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். பாக்டீரியாவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பல்லைப் பொறுத்தவரை எல்லாமே சர்க்கரை தான். கேழ்வரகுக் கூழில் வெல்லத்துக்குப் பதில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்தால் பல் இரட்டிப்பு நன்றி சொல்லும். இனிப்பே கொடுக்கக் கூடாது என்று இல்லை. சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு வாயைக் கொப்பளிக்க வைக்கலாம். இருமல் மருந்து போன்ற இனிப்பு சிரப் கொடுத்த பிறகும் அப்படியே.

ஃப்ளூரைடு நண்பனா, எதிரியா?

ஃப்ளூரைடும் பாறையிலும் நிலத்தடி நீரிலும் இயற்கையாகவே இருக்கிறது. அளவாக இருந்தால் எனாமலைப் பலப்படுத்தும். அளவு மீறினால் பல் காவி படிந்து குழி விழும், எலும்பும் வளையும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. அங்கே நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-ல் செயல்பாட்டுக்கு வந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளூரைடு இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு.

பற்பசையில் உள்ள ஃப்ளூரைடு சொத்தையைத் தடுப்பது பல ஆண்டு ஆய்வுகளில் உறுதியான ஒன்று. எனவே பயந்து ஒதுக்கத் தேவையில்லை, அளவு தான் முக்கியம். 3 வயதுக்குள் ஓர் அரிசி அளவு. 3 முதல் 6 வயது வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவது போல பிரஷ் முழுக்கப் பிதுக்கக் கூடாது. தண்ணீரில் ஃப்ளூரைடு அதிகம் உள்ள ஊர்க்காரர்கள் பல் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யலாம்.

வயதுக்கு ஏற்ற பழக்கங்கள்

* பல் முளைக்கும் முன்: பால் குடித்த பிறகு ஈரத் துணியால் ஈறைத் துடைத்துவிடுங்கள்.
* முதல் பல் வந்தவுடன்: மென்மையான குட்டி பிரஷ். காலையும் இரவும். இரவு துலக்கிய பிறகு தண்ணீர் தவிர வேறு எதுவும் வேண்டாம்.
* ஒரு வயதுக்குள்: பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். வலி இல்லாத நாளில் போனால் குழந்தைக்கு டாக்டர் மேல் பயம் வராது.
* குழந்தையின் ஸ்பூனைத் தன் வாயில் வைத்துச் சூடு பார்த்து ஊட்டும் வழக்கத்தை விடுங்கள். பெரியவர் வாயில் உள்ள கிருமிகள் அப்படித்தான் குழந்தைக்குப் போகின்றன.
* 7, 8 வயது வரை: குழந்தை தானே துலக்கட்டும். ஆனால் கடைசியில் பெரியவர் ஒருமுறை துலக்கிவிட வேண்டும். அது வரை அதன் கைக்கு அந்த நுணுக்கம் வராது.
* மாதம் ஒருமுறை: மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறு ஓரமாகச் சுண்ணாம்பு போல வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சொத்தையின் முதல் அறிகுறி. அந்த நிலையில் துலக்கலாலும் உணவாலும் ஃப்ளூரைடாலும் அதை நிறுத்த முடியும். ஓட்டை விழுந்த பிறகு முடியாது.

ஈறு சொல்லும் சேதி

துலக்கும்போது இரத்தம் வந்தால் பலர் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறானது. ஈறு ஓரம் அழுக்கு படிந்திருப்பதால் தான் பெரும்பாலும் இரத்தம் வருகிறது. மென்மையாக, தொடர்ந்து துலக்கினால் ஓரிரு வாரத்தில் நின்றுவிடும். நிற்காவிட்டால், அல்லது ஈறில் கொப்புளம், முக வீக்கம், இரவில் எழுப்பும் வலி, காய்ச்சல் இவற்றில் ஏதாவது இருந்தால் கிராம்பையும் உப்பையும் ஓரமாக வைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பல்லில் தொடங்கிய சீழ் முகத்துக்கும் கழுத்துக்கும் பரவக் கூடியது.

பல்வலியோடு இருக்கும் மூன்று வயதுக் குழந்தைக்கு அதைச் சொல்லத் தெரியாது. சோறு வேண்டாம் என்று தலையைத் திருப்பும். ஒரு பக்கமாக மெல்லும். இரவில் அழும். பெரியவர்கள் அதை அடம் என்பார்கள், அடிக்கவும் செய்வார்கள். சாப்பிட அடம்பிடிக்கும் குழந்தையைத் திட்டுவதற்கு முன் ஒருமுறை அதன் வாயைத் திறந்து பார்ப்பது நல்லது.

வேம்பும் உப்பும் கேழ்வரகும் மோரும் பக்கத்திலேயே இருக்கின்றன. அவற்றோடு ஒரு சின்ன பிரஷும், இரவில் இரண்டு நிமிடமும், இடைவேளையில் மிட்டாய் இல்லாத வாயும் சேர்ந்தால் போதும். விழப் போகிற பல்லாக இருந்தாலும் விழும் நாள் வரை வலி இல்லாமல் இருக்கட்டும்.